புதுப் படம், பழைய பாட்டு: விசில் யாருக்கு?

2025 செப்டம்பர் 24

வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன்: "அக்கா, தியேட்டரில் இப்போது விசில் வாங்குவது எல்லாம் இளையராஜாவின் பழைய பாட்டுத்தான். புது இசையமைப்பாளர்களிடம் சரக்குத் தீர்ந்துபோச்சா? நீங்கள் மேடையில் பாடின ஆள், சொல்லுங்கள்."

தீரவில்லை தம்பி. விசிலை வைத்துச் சரக்கை அளக்க முடியாது. திருகோணமலையில் ஒரு இசைக்குழுவில் நான் பாடித் திரிந்த காலத்தில், விசில் எப்போது வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். கோயில் திருவிழா இரவு. பக்திப் பாட்டுகள் முடிந்து, பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்து, கூட்டம் பாயைச் சுருட்டப் பார்க்கும். அந்த நேரம் பார்த்துக் கீபோர்ட்காரர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தொடக்கத்தை மட்டும் இரண்டு தரம் தட்டுவார். நான் வாயே திறந்திருக்க மாட்டேன், விசில் பறக்கும். அது எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. "ஆ, இது எனக்குத் தெரியுமே!" என்ற சந்தோஷத்தில் கேட்கிறவர் தனக்குத்தானே அடித்துக்கொள்கிற விசில்.

இசைக்குழுக்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த இந்த வித்தையை இப்போது இயக்குநர்களும் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

2025 செப்டம்பர் 25

"அவ்வளவுதான் விஷயம்" என்று எழுதிவிட்டுப் படுத்தால் நித்திரை வரவில்லை. விஷயம் அவ்வளவு இல்லை.

முதலில் ஒன்று. எல்லாம் இளையராஜா இல்லை. ஏப்ரலில் வந்த 'குட் பேட் அக்லி'யில் இளையராஜாவின் மூன்று பாட்டுகள் இருந்தன: 1982 'சகலகலா வல்லவன்' படத்தின் 'இளமை இதோ இதோ', 1986 'விக்ரம்' படத்தின் 'என் ஜோடி மஞ்சக் குருவி', 1996 'நாட்டுப்புறப் பாட்டு' படத்தின் 'ஒத்த ரூபாயும் தாரேன்'. ஆனால் படம் வந்த பிறகு எங்கள் தெருப் பொடியன்களின் போனில் எல்லாம் ஓடியது 'தொட்டு தொட்டுப் பேசும் சுல்தானா'. அது 1999 'எதிரும் புதிரும்', வித்யாசாகர் இசை. அந்தக் காலத்தில் அதற்கு ஆடியவர் சிம்ரன். அதே சிம்ரன் 'குட் பேட் அக்லி'யில் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். மூன்று கிழமையில், மே 1ஆம் திகதி, 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் இலங்கையில் இருந்து படகேறிப் போன ஒரு குடும்பத்தின் அம்மாவாகவும் வந்தார். பழைய பாட்டைவிடப் பழைய நடிகை நன்றாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. சரி, அது வேறு கதை.

நான் கேட்க வந்தது இது. அந்த மூன்று பாட்டுகளும் படத்தில் இல்லாவிட்டால் கதையில் ஏதாவது குறையுமா? குறையாது. பாட்டு அங்கே பட்டாசு. கொளுத்தினார்கள், வெடித்தது, அடுத்த சண்டைக்குப் போனார்கள்.

2025 செப்டம்பர் 25, இரவு

கிண்ணியாவில் இருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "பட்டாசு வெடித்தால் என்ன தங்கச்சி, அதற்குத்தானே தியேட்டருக்குப் போகிறோம்?"

நியாயம். நானும் அந்த இடத்தில் கத்தியவள்தான். பக்கத்துக் கதிரை ஐயா திரும்பிப் பார்த்தார்.

2025 செப்டம்பர் 28

மறுபக்கத்துக்கு வருவோம். 'லப்பர் பந்து', 2024 செப்டம்பர். இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து, விஜயகாந்த் ரசிகன். அந்த ஆள் கிரிக்கெட் துடுப்போடு களம் இறங்கும்போது 1989 'பொன்மனச் செல்வன்' படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' போகும். விஜயகாந்த் 2023 டிசம்பர் 28ஆம் திகதி காலமானார். படம் வந்தபோது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பாட்டு எங்களுக்கு அடித்த விதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அது மட்டும் இல்லை. அந்தப் பாட்டைப் படத்தில் இருந்து கழற்றிப் பாருங்கள். கெத்து அரைவாசி ஆளாகிவிடுவான். வயது போய்விட்டது, வீட்டில் மரியாதை இல்லை, மைதானத்தில் மட்டும்தான் ராஜா. அவனுடைய இளமை முழுக்க அந்தப் பாட்டில்தான் கிடக்கிறது. எங்களுக்காக இயக்குநர் போட்ட பாட்டு மாதிரித் தெரியவில்லை, கெத்து தனக்காகப் போட்டுக்கொண்ட பாட்டு மாதிரி இருக்கிறது. நாங்கள் ஓரத்தில் நின்று கேட்கிறோம்.

இங்கே மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளில் படம் வந்த நாளில் இருந்து அதுதான். நாற்பதைத் தாண்டிய யாராவது துடுப்பைத் தூக்கினால் போதும், சவுண்ட்காரத் தம்பி அந்தப் பாட்டைப் போட்டுவிடுவான். எங்கள் வீட்டுக்காரருக்கும் போட்டார்கள். பாட்டு பல்லவியைத் தாண்ட முன்னரே ஆள் வெளியே வந்துவிட்டார். இதை எழுத வேண்டாம் என்று சொன்னார், எழுதிவிட்டேன்.

ஆகவே என் கணக்கு இதுதான். பழைய பாட்டு படத்துக்குள் இருக்கிற ஒரு ஆளுக்குச் சொந்தமாக இருந்தால் அது நிற்கும். தியேட்டரில் இருக்கிற எங்களுக்கு எறிந்தால் அந்த ராத்திரியோடு சரி.

2025 செப்டம்பர் 28, சற்றுப் பிறகு

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. 'லப்பர் பந்து' படத்தின் இசை ஷான் ரோல்டன். ஊரே பழைய பாட்டைத் தூக்கிக்கொண்டு ஆடியபோதும், அவர் அதே படத்துக்குப் போட்ட 'சில்லாஞ்சிறுக்கியே' தன்பாட்டில் ஒரு பக்கத்தால் ஓடி வந்து இன்றைக்கும் நிற்கிறது. கல்யாண வீட்டில் கேட்கிறோம், பஸ்சில் கேட்கிறோம். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் அவர்தான். சரக்குத் தீர்ந்துபோச்சா என்று கேட்ட தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

2025 அக்டோபர் 3

கும்பம் முடிந்தது. வெளியூர்க்காரருக்காக ஒரு வரி: நவராத்திரிக்கு மற்ற இடங்களில் கொலுப் படிகள் வைப்பார்கள், எங்கள் திருகோணமலையில் கும்பம் வைப்பார்கள். கும்பத்து மாலில், அதாவது அதற்கென்று போடுகிற பந்தலில், பூசை, பிறகு கும்பத்தைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு தெருத் தெருவாக வருவது. இந்த முறையும் நித்திரை இல்லாத இரவுகள்.

இசை பற்றிய இழையில் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கும்பத்துக்குப் போகிற பொடியன்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். இடைவேளையில் அவர்கள் வாயில் ஓடிய பாட்டுகளைக் கவனித்தேன். 'மோனிக்கா' ஓடியது. ரி. ராஜேந்தர் அடித்தொண்டையில் வெளுத்து வாங்கிய 'சிக்கிட்டு' ஓடியது. இரண்டும் ஆகஸ்ட் 14ஆம் திகதி வந்த 'கூலி', அனிருத். இளையராஜா ஒன்றும் இல்லை.

அப்போது பழைய பாட்டுக்கு விசில் அடிப்பது யார்? டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிற அப்பா அம்மா. பொடியன் படத்துக்கு இழுத்துக்கொண்டு போவான், காசு எங்கள் பேர்சில் இருந்து போகும். எங்களுக்கும் ஏதாவது போட்டால்தானே அடுத்த முறையும் பேர்ஸ் திறக்கும்? இப்படிப் பார்த்தால் அந்த மூன்று பாட்டுப் பட்டாசும் நல்ல வியாபாரம்.

2025 அக்டோபர் 4

டொராண்டோத் தம்பி ஒருவர் கோபம்: "அனிருத் பாட்டு ஆறு மாதம் தாங்காது."

1991இல் வந்த பாட்டுகளில் எத்தனை தாங்கின என்று நாங்கள் யாரும் எண்ணவில்லையே தம்பி. தாங்கினதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வருடத்தை மதிப்பிடுகிறோம். நான் பாடித் திரிந்த காலத்திலும் ஒரு சீசன் பாடி மறந்த பாட்டுகள் கொப்பி கொப்பியாக இருக்கின்றன. பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வராது, எனக்கே மெட்டு வராது.

2025 அக்டோபர் 9

'முத்த மழை' பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பயந்துதான் இருந்தேன். சரி.

தெரியாதவர்களுக்கு: 'தக் லைஃப்' படத்துக்கு ரஹ்மான் போட்ட பாட்டு. தமிழில் தீ என்ற பாடகி பாடினார். தெலுங்கிலும் இந்தியிலும் சின்மயி. மே மாதம் சென்னையில் நடந்த பாடல் வெளியீட்டு விழாவுக்குத் தீ வரமுடியாததால் தமிழையும் மேடையில் சின்மயி பாடினார். அந்த வீடியோ பற்றிக்கொண்டது. தீயா சின்மயியா என்று வீடுகள் இரண்டுபட்டன. கடைசியில் ஜூனில் படம் வந்தால், படத்தில் அந்தப் பாட்டே இல்லை! இவ்வளவு சண்டையும் பெட்டியில் இருந்த பாட்டுக்கு.

நான் இரண்டையும் பாடிப் பார்த்தேன், குசினியில். தீயின் பாட்டு மைக்குக்கு மிகக் கிட்ட நின்று, காற்றும் குரலும் பாதிப் பாதியாகப் பாடியது. இயர்போனில் கேட்டால் காதுக்குள் வந்து கதைப்பது போல இருக்கும். அது சுகம். ஆனால் அதை அப்படியே கொண்டுபோய் ஒரு திறந்த மேடையில் வைத்தால் எடுபடாது. கடற்காற்று ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், முன்வரிசையில் அழுகிற பிள்ளை. எனக்குத் தெரியும், மெல்லிய பாட்டு ஒன்றைப் பாடி முடித்துவிட்டு "அக்கா மைக் வேலை செய்யுதா?" என்ற கேள்வியை வாங்கியவள் நான். சின்மயி மேடையில் குரலைத் திறந்து, மேலே போகிற இடங்களில் கமகத்தை விரித்துப் பாடினார். மேடைக்கு அதுதான் சரி. ஆனால் அந்தப் பதிவை விளக்கை அணைத்துவிட்டு இயர்போனில் கேட்டேன், எனக்குக் கொஞ்சம் சத்தமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. சின்மயியை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பாடுகிற முகம் தெரிந்தது. தீயின் பதிவில் முகம் இல்லை. பார்த்த பாட்டையும் கேட்ட பாட்டையும் ஒரே தராசில் போட்டுவிட்டார்கள்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்பீர்கள். 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் 'ஒரு தெய்வம் தந்த பூவே' பாடித்தான் சின்மயி வந்தார். இலங்கைத் தாய்க்குப் பிறந்து இந்தியாவில் வளரும் ஒரு பிள்ளையின் கதை. அந்தக் குரல் எங்கள் வீடுகளுக்குள் அன்றைக்கே வந்துவிட்டது. ஆகவே நான் நடுநிலை நீதிபதி இல்லை, விடுங்கள்.

2025 அக்டோபர் 10

"இப்படிப்பட்ட பெரிய பாடகர்களின் நிகழ்ச்சி யாழ்ப்பாணத்துக்கு வருகிறது, கொழும்புக்கு வருகிறது. திருகோணமலைக்கு எப்போது?"

சந்தோஷ் நாராயணன் 2023இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார், ஹரிஹரன் 2024 பெப்ரவரியில் வந்தார். எங்கள் ஊருக்குள் அழைக்காமல் வருவது கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டும்தான்.

2025 அக்டோபர் 12

செயற்கை நுண்ணறிவுக் குரல் பற்றி ஒரு கேள்வி. இதற்கு நான் நிறைய யோசித்திருக்கிறேன், நீளமாக வரும்.

'லால் சலாம்' படத்தில் ரஹ்மான், பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் திரும்பக் கொண்டுவந்தார். ஒருவர் 2022இல் போனவர், மற்றவர் 1997இல். குடும்பங்களிடம் அனுமதி வாங்கிக் காசும் கொடுத்ததாக ரஹ்மானே சொன்னார். 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் அனிருத் மலேசியா வாசுதேவன் குரலைக் கொண்டுவந்தார். அவர் போனது 2011இல். 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் விஜய்யோடு இளையராஜாவின் மகள் பவதாரிணியின் குரல்.

இந்த வகைப் பாட்டு பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்றால், உயிரோடு இருக்கிற ஒரு ஆள் முதலில் பாடுவார். பிறகு அந்தப் பதிவின் மேல் மற்றவரின் குரல் நிறத்தைக் கணினி ஏற்றும். அப்போது மூச்சு எடுக்கிற இடம் யாருடையது? ஒரு சொல்லை எங்கே கொஞ்சம் இழுப்பது என்ற முடிவு யாருடையது? முதலில் பாடியவருடையது. மேல்தோல் மட்டும் போனவருடையது. மலேசியா வாசுதேவன் பாட்டில் எனக்குப் பிடித்ததே ஒரு வரியின் கடைசியில் அவர் சிரிக்கப் போவதா அழப் போவதா என்று தெரியாமல் விடுகிற இடம்தான். 'மனசிலாயோ' நல்ல ஆட்டப் பாட்டு, நானும் ஆடினேன். அந்த இடம் மட்டும் அதில் கிடைக்கவில்லை.

பவதாரிணி விஷயம் வேறு. அவர் 2024 ஜனவரி 25ஆம் திகதி கொழும்பில்தான் காலமானார். இங்கே சிகிச்சைக்கு வந்த இடத்தில். எங்களுக்கு அது சென்னைச் செய்தியாக வரவில்லை. பக்கத்து வீட்டுச் செய்தி போல வந்தது. 2000இல் 'பாரதி' படத்துப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய குரல், மெல்லியது, கொஞ்சம் மூக்கால் வருவது, பிழை பிடிக்க விரும்புகிறவர்கள் நிறையப் பிடித்தார்கள். அந்தப் படத்துக்கு இசையமைத்த தம்பி யுவன் அக்காவின் குரலை ஒரு பாட்டில் வைக்க ஆசைப்பட்டால் நான் யார் வேண்டாம் என்று சொல்ல? வீட்டு ஆட்கள் செய்வதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் இன்னும் ஐந்து வருடத்தில் ஏதாவது ஒரு தயாரிப்பாளர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எஸ்.பி.பி. வேண்டும் என்று கேட்டால்? புதுசாகப் பாட வருகிற பிள்ளைக்கு வேலை எங்கே? 2023 டிசம்பரில் ஜீ தமிழ் சரிகமப சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா முதலிடம் வாங்கினபோது இந்த நாடே துள்ளியது. அதே போட்டியில் பாடிய மலைநாட்டு அசானியையும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போய்ப் பாட வாய்ப்புக் கேட்கிற நேரம், வரிசையில் அவர்களுக்கு முன்னால் இறந்துபோனவர்கள் நிற்கக் கூடாது.

2025 அக்டோபர் 21

தீபாவளி முடிந்தது. 'டியூட்' பார்த்தாச்சு. 1991 'புது நெல்லு புது நாத்து' படத்தின் 'கருத்த மச்சான்' வருகிறது, மமிதா பைஜு ஆடுகிறார், தியேட்டர் எழும்பிவிட்டது. செப்டம்பர் 28ஆம் திகதி நான் சொன்ன கணக்கில் இதை எங்கே போடுவது? பாட்டு அந்தப் பெண்ணுக்குச் சொந்தமா, எங்களுக்கு எறிந்ததா? இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு கல்யாண வீட்டில் எந்தப் பிள்ளையும் ஆடக்கூடிய பாட்டு, அதனால் பொய்யாகத் தெரியவில்லை. ஆனால் வேறு பத்துப் பாட்டை அந்த இடத்தில் மாற்றிப் போட்டாலும் காட்சி ஓடியிருக்கும். அரை மார்க்.

படத்துக்கு இசை சாய் அபயங்கர். 'கட்சி சேர', 'ஆச கூட' என்று படமே இல்லாமல் வந்த பாட்டுகளால் பெயர் எடுத்த பொடியன். 'ஊரும் பிளட்' காதை விட்டுப் போகவில்லை. தியேட்டரில் ஆடினது பழசுக்கு, வீட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு வந்தது புதுசை. இந்த இழையின் முதல் கேள்வியைக் கேட்ட தம்பி ஆளையே காணவில்லை.

2025 அக்டோபர் 22

மேலே "எங்களுக்கு எறிவது" என்று ஏதோ குற்றம் போல எழுதிக்கொண்டு வருகிறேன். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஞாபகம் வந்தது. 2024 பெப்ரவரி, மலையாளப் படம், 1991 'குணா' படத்தின் 'கண்மணி அன்போடு காதலன்'. அந்தப் பாட்டு எடுத்த கொடைக்கானல் குகைக்கு அந்தப் படத்தின் பெயரே நின்றுவிட்டது. 2006இல் அதே குகைக் குழியில் விழுந்த ஒருவரை நண்பர்கள் மீட்ட உண்மைக் கதைதான் படம். காதல் பாட்டை நட்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பாட்டு எழுதின நாளில் இல்லாத ஒரு அர்த்தம் அதற்கு இப்போது இருக்கிறது. இது எந்தப் பெட்டியிலும் அடங்காது. முழு மார்க், மேலே கொஞ்சம்.

2025 நவம்பர் 1

சட்டம் படித்த ஒருவர் வந்து கேட்டிருக்கிறார், இளையராஜா வழக்குப் போடுவது சரியா என்று.

'குட் பேட் அக்லி'க்கு எதிராக அவர் 5 கோடி ரூபாய் நட்ட ஈடு கேட்டார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, படம் நெட்ஃபிளிக்ஸில் இருந்து இறங்கியது. தயாரிப்பாளர் பக்கம் சொன்னது, உரிமை வைத்திருக்கிற நிறுவனத்திடம் அனுமதி வாங்கியாச்சு என்று. ஒலிப்பதிவு ஒருவரிடம், மெட்டு இன்னொருவரிடம் என்று இரண்டு உரிமை இருப்பதால்தான் இந்தச் சிக்கல்.

நான் அவர் பக்கம். "தெய்வம் மாதிரி வைத்திருக்கிறோம், காசு கேட்கலாமா?" என்று சிலர் எழுதுகிறார்கள். தெய்வத்துக்கே உண்டியல் வைக்கிறோம்.

பெயரும் ஒரு காசுதான். அந்தக் காலத்து இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்லித்தான் பாட்டை விடுவார்கள். அறிவிப்பாளர் அப்துல் ஹமீது சொல்லிக் கேட்டே எங்கள் வீட்டில் மருதகாசி யார், உடுமலை நாராயணகவி யார் என்று தெரிந்துகொண்டோம். இப்போது ரீல்ஸில் இருபது செக்கன் பாட்டுக்கு மேலே ஆடுகிற பிள்ளையின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 1, இரவு

கிண்ணியா அண்ணன் மறுபடியும்: "உங்கள் இசைக்குழு இளையராஜாவுக்கு எவ்வளவு கட்டியது தங்கச்சி?"

ஒரு சதமும் இல்லை அண்ணன். எங்களுக்கே ஒழுங்காகச் சம்பளம் வராது, சில இடத்தில் சோற்றுப் பார்சலோடு அனுப்பினார்கள். ஆனால் நீங்கள் கேட்பது சரியான கேள்வி. எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. படைத்தவர் இறந்து 70 வருடம் வரைக்கும் உரிமை. சட்டத்தைப் பிடித்தால் திருவிழா மேடைகள் எல்லாம் பஜனையோடு முடிந்திருக்கும். கோடி போட்டு எடுக்கிற படத்தையும் டியூப்லைட் கட்டின மேடையையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு நியாயமான காரணம் கேட்டால், இன்றைக்கு என்னிடம் இல்லை.

2025 நவம்பர் 6

இழை நீண்டுவிட்டது. ஒரு உதவி கேட்டுவிட்டுப் போகிறேன்.

மச்சானின் இசைக்குழு தை மாதம் உப்புவெளியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்கப் போகிறது. என்னையும் பாடக் கூப்பிட்டிருக்கிறார். பெண் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: 2020க்குப் பிறகு வந்த பாட்டு மட்டும். மச்சானுக்குத் தலை சுற்றுகிறது, எனக்குக் கொண்டாட்டம். 'சில்லாஞ்சிறுக்கியே' பட்டியலில் முதலாவது. பிரதீப் குமார் பாடியது. ஆண் சுருதியிலேயே எடுத்தால் தொடக்கம் எனக்குக் கிணற்றுக்குள் போய்விடும். சுருதியை 5 கட்டைக்கு ஏற்றினால் மேல் இடத்தில் நான் கத்துவேன். இடையில் ஏதாவது பிடிக்கலாம் என்றால், கிற்றார்காரத் தம்பி அந்தச் சுருதியில் வாசிக்க விரல் வராது என்கிறான். பாடிப் பார்த்த பெண்கள் யாராவது இருந்தால் எந்தக் கட்டையில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி.